யாரும் பார்க்காத மூன்றாம் பக்கம்

கோகிலவாணி மேசைமேல் போட்ட பத்திரிகையின் அட்டையில் சாணி காய்ந்து ஒட்டியிருந்தது. எறிந்தவருக்கு நல்ல குறி. ஆசிரியர் பெயர் அச்சான இடம் முழுதாக மறைந்துபோயிருந்தது.

“என் மூஞ்சிக்கு வந்ததுங்க. குனிஞ்சுட்டேன், கையில இருந்த புக்குல பட்டுச்சு,” என்றாள். “ஆறு வருசமா பத்திரிகை நடத்துறேன். இன்னைக்கு என்னை ஊரை வித்தவள்ங்கறாங்க. நான் துரோகி இல்லைன்னு நீங்கதான் நிரூபிச்சுக் குடுக்கணும்.”

பானுமதி பத்திரிகையைத் தொடவில்லை. இருபத்திரண்டு வருடம் அரசு ஆய்வகத்தில் கள்ளக் கையெழுத்தையும் போலிப் பத்திரத்தையும் பார்த்துவிட்டு, இப்போது நாமக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சொந்தமாக அறை போட்டு அதே வேலையைச் செய்பவர். யார் அழுதாலும் யார் கத்தினாலும் அவர் குரல் ஒரே உயரத்தில் நிற்கும்.

“நீங்க துரோகியா இல்லையாங்கறதை அப்புறம் பாத்துக்கலாம். என்ன தொலைஞ்சுது?”

“ஒரு ஊத்துங்க.”

“தண்ணி ஊத்தா?” என்று சன்னல் பக்கமிருந்து கேட்டார் கருப்பண்ணன். மலைமேல் உள்ள திருப்புலி நாட்டுக்காரர், நாற்பத்தெட்டு வயது. பதினைந்து வருடம் மலையில் ஜீப் ஓட்டியவர். இப்போது பானுமதிக்கு ஓட்டுநர், எடுபிடி, புகைப்படக்காரர் எல்லாம் அவர்தான். யாரைப் பார்த்தாலும் முதல் நிமிடத்திலேயே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுவார். இப்போது கோகிலவாணியை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சொன்னாள். அதே மலையில் குண்டூர் நாடு என்ற பகுதியில் கீழூத்துப்பட்டி என்று ஒரு சிற்றூர். நாற்பத்திரண்டு வீடுகள். ஊருக்கு மேலே நான்கு ஏக்கர் புறம்போக்கு, அதன் நடுவே ஓர் ஊற்று. குடிக்கவும் மிளகு நாற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். அந்த நான்கு ஏக்கரையும் விடுதி கட்ட முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறார் தரணிதரன். அடிவாரத்து ஆள். பெங்களூரில் விளம்பரக் கம்பெனியில் இருந்துவிட்டு வந்து, முடவாட்டுக்கால் கிழங்கை அரைத்து சூப் பொடி விற்பவர். ஆட்சேபணை உள்ளவர்கள் பிப்ரவரி இருபதாம் தேதி வருவாய் அதிகாரி முன் நேரில் வர வேண்டும், ஒருவரும் வராவிட்டால் சம்மதம் என்று பொருள். வீடுகள் மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடப்பதால் எந்த அறிவிப்பும் ‘மேட்டுக்காடு’ மாத இதழில் வர வேண்டும் என்று ஊரே தீர்மானம் போட்டிருந்தது. கோகிலவாணி நடத்தும் இதழ் அதுதான். மலை முழுக்க வீட்டுக்கொரு பிரதி போகும்.

“போட்டேங்க. பிப்ரவரி இதழ், மூணாம் பக்கம். ஒரு வார்த்தை குறையல. இருபதாம் தேதி ஒருத்தரும் வரல.”

“ஒருத்தர் கூடவா?”

“நாப்பத்திரண்டு ஊட்டுல ஒருத்தர்கூட அதைப் படிக்கலைங்க. அதிகாரிகிட்ட முறையிட்டோம். அவர் கோப்புல என்ன எழுதியிருக்காரு தெரியுங்களா? ‘அப்பகுதி மக்கள் படிப்பறிவு குறைந்தவர்கள். அது அறிவிப்பின் குறை அல்ல.’ வெள்ளிக்கிழமை நிலத்தை அளந்து ஒப்படைக்க வாராரு. ஒரு மணி நேரம் எங்க பேச்சைக் கேக்கறேன்னு சொல்லியிருக்காரு. அதுக்குள்ள எதையாச்சும் காட்டலைன்னா ஊத்துக்கு வேலி.”

அன்று திங்கட்கிழமை.

பானுமதி கைக்குட்டையால் அட்டையைப் பிடித்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். மஞ்சள் கட்டம். சுற்றிலும் கொடி, கொடியில் இலை. உள்ளே ஒல்லியான, சுருண்டு நெளியும் சின்ன எழுத்து. வரிகள் எல்லாம் நடுவில் குவிந்திருந்தன. மஞ்சள்மேல் பழுப்பு மை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு கடைசி வரை படித்தார். எல்லா வார்த்தையும் இருந்தது.

“இப்படித்தான் போடச் சொன்னீங்களா?”

“அய்யோ, இல்லீங்க!” கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். அச்சுக்கு முன் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட மெய்ப்பு. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து, கட்டுரைகளுக்குப் போடும் அதே தடித்த எழுத்துரு, அரைச் சாண் தலைப்பு. “இதைப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அச்சாகி வந்தது அது. எழுத்தோட பான்ட் மிஸ்ஸிங், கம்ப்யூட்டர் தானா வேற எழுத்துக்கு மாத்திருச்சுன்னு பிரஸ்ல சொன்னாங்க.”

“முடிஞ்சுதுங்க மேடம்,” என்றார் கருப்பண்ணன். “பிரஸ்காரன்தான்.”

“அஞ்சு நிமிசம் முன்னாடி இவங்கதான்னு நினைச்சீங்க.”

“அது வேறங்க.”

பானுமதி பழைய இதழ்களைக் கேட்டார். கோகிலவாணி பைநிறையக் கொண்டுவந்திருந்தாள். கடந்த ஜனவரி வரை இரண்டு வருட இதழ்களிலும் மூன்றாம் பக்கத்தில் அதே மஞ்சள் கட்டம், அதே கொடி, அதே நெளிந்த எழுத்து. தரணிதரனின் சூப் பொடி விளம்பரம். பிப்ரவரியில் மட்டும் அது பின் அட்டைக்குப் போயிருந்தது. பானுமதி பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். விளம்பரத்தின் தொலைபேசி எண்ணில் சிறு கோடு வர வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. எல்லா மாதமும் இருந்தது. பிறகு பிப்ரவரி அறிவிப்பைப் பார்த்தார். ‘காலை 10-1’ என்று மெய்ப்பில் இருந்தது, அச்சில் 10-க்கும் 1-க்கும் நடுவே அதே சின்ன வட்டமாகியிருந்தது. பத்திரிகையின் மற்ற பக்கங்களில் கோடுகள் கோடுகளாகவே இருந்தன.

“கருப்பண்ணா, இந்தப் பத்திரிகை உங்க ஊட்டுக்கு வருதா?”

“வருதுங்க. முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரு வரி விடமாட்டேன்.”

“போன மார்ச்ல இருந்து இந்த விளம்பரத்துக்குக் கீழ ஒரு கூப்பன் இருக்குது. கத்தரிச்சுக் கொண்டுபோனா ஒரு டப்பா இலவசம். வாங்கினீங்களா?”

கருப்பண்ணன் கிட்டத்தில் வந்து குனிந்து பார்த்தார். ஓசி என்றால் திருவிழாவில் இரண்டு முறை பந்தியில் உட்காருகிற மனிதர். அவர் முகம் தொங்கிப்போயிற்று. “ஒரு வருசமாவா இருக்குது?”

பானுமதி இதழ்களைப் பைக்குள் அடுக்கினார்.

அச்சகம் சேந்தமங்கலத்தில் ஒரு மாவு மில்லுக்கு அடுத்த கட்டடம். முதலாளி அர்த்தனாரி கோழித்தீவன மூட்டை லேபிள் அடித்தே பிழைப்பவர். பத்திரிகை அவருக்குச் சின்ன உபதொழில். கணினியைத் தொட மாட்டார். அதற்கு இளங்கோ இருந்தான், முப்பது வயது, பக்கம் வடிவமைப்பவன். யாராவது பேசினால் திரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வான்.

“பான்ட் மிஸ்ஸிங்குங்க,” என்றார் அர்த்தனாரி, கேட்பதற்கு முன்பே. “அச்சுப் பிளேட் போடற கம்ப்யூட்டர்ல அந்தப் பான்ட் இல்ல. அது தானா வேற பான்டை எடுத்துப் போட்டுக்கிச்சு. மெசின் பண்ணுற வேலைக்கு நான் என்னங்க பண்ணுவேன்?”

“நீங்க என்னங்க சொல்றீங்க?” என்று இளங்கோவைக் கேட்டார் பானுமதி.

“ஆமாங்க. மிஸ்ஸிங்,” என்றான் திரையிடம்.

“அப்ப பின்னாடி இருக்கற மஞ்சள் கட்டமும் கொடியும்? அதுவும் பான்ட் மிஸ்ஸிங்ல முளைச்சுதா?” என்று எகிறினார் கருப்பண்ணன்.

“பழைய விளம்பரம் அந்த இடத்துலயே கிடந்திருக்கும். அது மேல போய் உக்காந்திருக்கும். தவறுதான். மன்னிப்புக் கேட்டுட்டேனே, இன்னும் என்ன, கால்ல விழணுமா?” என்றார் அர்த்தனாரி.

“விழுந்தா நல்லாத்தான் இருக்கும்.”

“கருப்பண்ணா,” என்றார் பானுமதி. பிறகு இளங்கோ பக்கம் திரும்பினார். “தம்பி, அந்த விளம்பரத்துல இருக்கற நெளிஞ்ச எழுத்து உங்ககிட்ட இருக்குதா?”

“இல்லீங்க. விளம்பரம் அவங்க ஆபீஸ்ல இருந்து படமாவே வரும். நாங்க அப்படியே ஒட்டிருவோம்.”

“சரி. எனக்கு ஒரு சின்ன உதவி. அந்தப் பிளேட் போடற கம்ப்யூட்டர்ல, பத்திரிகைக்குப் போடற பான்டை எடுத்துட்டு அறிவிப்பைத் திறந்து காட்டுங்க.”

இளங்கோ முதலாளியைப் பார்த்தான். முதலாளி தோளைக் குலுக்கினார். இளங்கோவின் விரல்கள் விசைப்பலகைமேல் தயங்கி நின்றன, பிறகு வேலை செய்தன. திரையில் அறிவிப்பு வந்தது. தமிழ் ஓர் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் நட்சத்திரமும் கலந்து, யாரோ விசைப்பலகைமேல் விழுந்து புரண்டதுபோல ஒரு குப்பை.

“அன்னைக்கு வேற மாதிரி ஆச்சுங்க,” என்றார் அர்த்தனாரி.

“அப்படிங்களா?” என்றார் பானுமதி. திரையைப் படம் எடுக்கச் சொன்னார். கிளம்பும்போது இளங்கோவிடம், “வெள்ளிக்கிழமை மேல வாங்க. வரலைன்னாலும் அங்க உங்க பேர் வரும்,” என்றார். மிரட்டும் தொனி அதில் இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை வளைத்துக்கொண்டே கருப்பண்ணன் தீர்ப்பு எழுதினார். “அந்தப் பையன்தானுங்க. ஆளைப் பாத்தாலே தெரியுது, கண்ணைப் பாக்க மாட்டேங்கறான்.”

“வேலை போயிரும்னு பயப்படறவனும் கண்ணைப் பாக்க மாட்டான்.”

மலைமேல் செம்மேட்டில் தரணிதரனின் கடை இருந்தது. பானுமதி வண்டியிலேயே இருந்துகொண்டு, கூப்பனைக் கத்தரித்துக் கொடுத்துக் கருப்பண்ணனை அனுப்பினார். அவர் ஒரு டப்பா சூப் பொடியோடும் பெரிய சிரிப்போடும் திரும்பினார்.

“கடைப் பொண்ணு பயந்துருச்சுங்க மேடம். ஒரு வருசத்துல கூப்பனோட வந்த முதல் ஆளே நான்தானாம். வாங்கி வெச்சுக்கலாமா வேண்டாமான்னே அதுக்குத் தெரியல. மாசாமாசம் எத்தனை கூப்பன் வந்துச்சுன்னு ஓனர் போன் பண்ணிக் கேப்பாராம். ஒண்ணுமில்லீங்கன்னு சொன்னா திட்டவே மாட்டாராம், சந்தோசமாப் போனை வெச்சுருவாராம். நல்ல முதலாளின்னு சொல்லுது.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“நல்ல முதலாளின்னு…”

“அதுக்கு முன்னாடி.”

அவர் சொன்னார். பானுமதி குறித்துக்கொண்டார்.

கோகிலவாணியையும் ஏற்றிக்கொண்டு கீழூத்துப்பட்டி போனபோது அவர்களை வரவேற்றவள் சின்னாத்தாள். ஐம்பத்தைந்து வயது, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய மண் கையோடு நின்றாள். சாணி எறிந்தது அவள்தான் என்று அவளே சொன்னாள்.

“ஏனுங் கண்ணு, மறுபடியும் வந்துட்டியா?” என்றாள் கோகிலவாணியிடம். அந்தக் ‘கண்ணு’வில் பாசம் கொஞ்சமும் இல்லை. “இந்தத் தடவை யாரைக் கூட்டியாந்திருக்கே? எங்களுக்கு ‘அ’னா ‘ஆ’வன்னா சொல்லிக் குடுக்கவா?”

“நீங்க பிப்ரவரி இதழைப் பாத்தீங்களா?” என்று கேட்டார் பானுமதி.

“பாக்காம? மிளகு விலைப் பக்கம் படிச்சேன். கடைசியில ராசிபலன் படிச்சேன். பக்கத்து நாட்டுல கரடி அடிச்சதுன்னு ஒரு கட்டுரை, அதை எங்கூட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன். பத்து வரைக்கும் படிச்சவ நான். எனக்குப் படிப்பறிவு இல்லைன்னு எழுதியிருக்கானாமே அந்தாளு, அவனுக்கு எத்தனாவது வரைக்கும் படிப்புன்னு கேளுங்க.”

“மூணாம் பக்கத்துல என்ன இருந்துச்சு?”

“சூப்பு விளம்பரம்.”

“படிச்சீங்களா?”

“சூப்பு விளம்பரத்தை எவ படிப்பா? அந்தக் கிழங்கு எங்கூட்டுக்குப் பின்னாலயே கிடக்குது!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பானுமதி சிரிக்கவில்லை. “அது சூப்பு விளம்பரம் இல்லீங்க. உங்க ஊத்து பத்தின அறிவிப்பு,” என்று இதழைத் திறந்து நீட்டினார். சின்னாத்தாள் வாங்கிப் படித்தாள். எழுத்துகள் நெளிந்ததால் மெதுவாகத்தான் படிக்க முடிந்தது, ஆனால் தடுக்காமல் படித்தாள். முடித்தபோது அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“இது என் கையிலேயே இருந்திருக்குது,” என்றாள். “என் கையில வெச்சே என் கண்ணைக் கட்டியிருக்கானுங்க.”

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஊர்ச் சமுதாயக் கூடத்தில் அதிகாரி வந்து உட்கார்ந்தார். நில அளவைக்காரர்கள் வெளியே சங்கிலியோடு காத்திருந்தார்கள். தரணிதரன் வெள்ளைச் சட்டையில், ஜெயித்த வேட்பாளர்போல எல்லாருக்கும் கும்பிடு போட்டார். ஒருவரும் திருப்பிக் கும்பிடவில்லை. அர்த்தனாரி வந்திருந்தார். இளங்கோ கடைசி வரிசையில் தூணோடு தூணாக நின்றான். ஊர் முழுக்கத் தரையில்.

“ஒரு மணி நேரம்,” என்றார் அதிகாரி. “அறிவிப்புல என்ன வார்த்தை விட்டுப்போச்சு? அதை மட்டும் சொல்லுங்க.”

“ஒண்ணும் விட்டுப்போகலைங்க,” என்றார் பானுமதி. “முதல்ல எல்லாருக்கும் மார்ச் இதழ் குடுக்கறோம். அஞ்சு நிமிசம் புரட்டிப் பாருங்க. அப்புறம் பேசலாம்.”

கருப்பண்ணன் கட்டைப் பிரித்துக் கொடுத்தார். நாமக்கல்லில் வேறோர் அச்சகத்தில் அவசரமாக அடித்த பிரதிகள். அதிகாரிக்கும் ஒன்று, தரணிதரனுக்கும் ஒன்று. கூடத்தில் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி மிளகு விலையைப் பார்த்தார், கரடிக் கட்டுரையின் தொடர்ச்சியில் நின்றார், ராசிபலனுக்கு வந்தபோது லேசாகப் புன்னகைத்தார். ஐந்து நிமிடம் முடிந்தது.

“ஐயா, மூணாம் பக்கத்தைப் படிங்க,” என்றார் பானுமதி.

மஞ்சள் கட்டம், கொடி, நெளிந்த எழுத்து. அதிகாரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தார். “இதைப் படித்தவர் உடனே எழுந்து நின்று தம் பெயரைச் சொல்லவும். ஊற்று உங்களுடையதே.” அவர் குரல் கடைசி வார்த்தையில் தேய்ந்தது.

தரையில் அறுபது பேர். அறுபது பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நீங்களும் எந்திரிக்கலைங்க ஐயா. உங்க அலுவலகத்துக்கும் இந்தப் பத்திரிகை ரெண்டு வருசமா வருது. உங்க படிப்பறிவைப் பத்தி யாரும் கோப்புல எழுதப் போறதில்லை.”

யாரோ பின்னால் விசிலடித்தார்கள். அதிகாரியின் காது சிவந்தது.

“இப்ப பசை தொட்டு மூடி வெச்ச ஏழாம் பக்கத்தைப் பிரிங்க. அதே வார்த்தைங்க, கட்டுரை போடற எழுத்துல.”

அதிகாரி பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே எட்டுப் பேர் எழுந்துவிட்டார்கள். அடுத்த நிமிடம் தரையே காலியானது. ஆளாளுக்குப் பெயரைக் கத்தினார்கள். சின்னாத்தாள் இரண்டு முறை கத்தினாள்.

“வேடிக்கையா இருக்குது,” என்றார் தரணிதரன். “இதுல குற்றம் எங்கங்க இருக்குது? பான்ட் மிஸ்ஸிங் ஆனதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

“அந்த வார்த்தையைத்தான் நானும் எதிர்பார்த்தேன்,” என்றார் பானுமதி. “உக்காருங்க, எல்லாருக்கும் சொல்றேன். இங்கிலீஷ்ல ஒரு பான்ட் இல்லைன்னா கம்ப்யூட்டர் இன்னொரு பான்டை எடுத்துப் போட்டுக்கும், எழுத்து எழுத்தாவே இருக்கும். தமிழ் பிரஸ்ல இன்னும் ஓடறது பழைய பான்டுங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஒண்ணுல ‘க’ இருக்கற இடத்துல இன்னொண்ணுல வேற எதுவோ இருக்கும். பான்ட் இல்லைன்னா வர்றது குப்பை. அழகா நெளிஞ்ச தமிழ் வராது. யாராச்சும் உக்காந்து மாத்துற சாப்ட்வேர்ல போட்டு மாத்தினாத்தான் வரும்.” அச்சகத்துத் திரையின் படத்தை அதிகாரியிடம் நீட்டினார். “தமிழ் டைப் அடிக்கற எவனும் இந்தப் பொய்யைத் தானா யோசிச்சுச் சொல்ல மாட்டான், அடுத்தவன் சிரிச்சிருவான். அர்த்தனாரி கம்ப்யூட்டரைத் தொடாதவர், யாரோ சொல்லிக் குடுத்ததை ஒப்பிச்சார். சொல்லிக் குடுத்தவர் டிசைன் தெரிஞ்சவர், ஆனா இங்கிலீஷ் டிசைன் மட்டும் தெரிஞ்சவர். பெங்களூர்ல விளம்பரக் கம்பெனியில இருந்தவர்னு வெச்சுக்கலாம்.”

தரணிதரன் வாயைத் திறந்தார். பானுமதி நிறுத்தவில்லை.

“ரெண்டாவது. இந்த நெளிஞ்ச எழுத்து பிரஸ்ல கிடையாது, விளம்பரம் படமா வருது. உங்க ஆபீஸ்ல மாத்துற சாப்ட்வேருக்கு ஒரு வியாதி. சின்னக் கோட்டை வட்டமாக்கிடும். ரெண்டு வருசமா உங்க போன் நம்பர்ல அந்த வட்டம் இருக்குது. ஊத்து அறிவிப்புலயும் இருக்குது. அறிவிப்பு உங்க கம்ப்யூட்டர்ல செஞ்சது.”

“எதுக்குங்க மேடம் செய்யணும்?” என்றார் அதிகாரி. அவர் இப்போது எழுதிக்கொண்டிருந்தார். “விளம்பரம் மாதிரி இருந்தா படிக்க மாட்டாங்கன்னு இவருக்கு எப்படி நிச்சயமாத் தெரியும்?”

“எண்ணிப் பாத்தார். போன வருசம் மார்ச்ல விளம்பரத்துல இலவசக் கூப்பன் போட்டார். ஒண்ணுகூட வரலை. வேற யாரா இருந்தாலும் விளம்பரத்தை மாத்துவாங்க, இல்லை நிறுத்துவாங்க. இவர் ஒரு வருசம் ஒரு கோடுகூட மாத்தாம அதையே போட்டார். மாசாமாசம் கடைக்குப் போன் பண்ணி, யாரும் வரலைன்னு கேட்டுச் சந்தோசப்பட்டார். மூணாம் பக்கம் வந்தா மஞ்சளைத் தாண்டிப் போறதுக்கு இந்த ஊர்க் கண்ணைப் பழக்கினார். வண்டிமாடு மாதிரி. பழகினது உறுதியானதும் அந்தக் கட்டத்துக்குள்ள ஊத்தைப் போட்டார்.”

கருப்பண்ணன் பொறுக்க முடியாமல் தரணிதரனைக் காட்டிக் கத்தினார். “நானும் பாத்துட்டுத்தான் இருந்தனுங்க மேடம்! புக்கைக் குடுத்ததும் எல்லாரும் மிளகு விலைக்குப் போனாங்க. இந்தாளு ஒருத்தன்தான் நேரா மூணாம் பக்கம் போனான்!”

“இதெல்லாம் ஊகம்,” என்றார் தரணிதரன். கும்பிடு போட்ட கை இப்போது மேசையைக் குத்திக்கொண்டிருந்தது. “எந்தச் சட்டத்துல இருக்குது, அறிவிப்பை இந்த எழுத்துலதான் போடணும்னு? ஒரு பிரிவைக் காட்டுங்க! எல்லா வார்த்தையும் இருக்குதுல்ல? படிக்காதது அவங்க தப்பு!”

அதிகாரி பேனாவை நிறுத்தினார். அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது, அல்லது பாதுகாப்பாகப் பட்டது. பானுமதி கடைசி வரிசையைப் பார்த்தார்.

“பிரிவு இருக்குதோ இல்லையோ, கையெழுத்துப் போட்ட பக்கத்தை மாத்தி அச்சடிக்க ஆள் வேணும். மெய்ப்பு முடிஞ்சப்புறம் அறிவிப்பு பிரஸ்ஸை விட்டு வெளிய போயிருக்குது. இளங்கோ, யாரு அனுப்பினது?”

இளங்கோ தூணை விட்டு நகரவில்லை. அர்த்தனாரி திரும்பி அவனை முறைத்தார். “வாயைத் திறந்தே, நாளையில இருந்து வேலைக்கு வராதே.”

அந்த வார்த்தை மட்டும் இல்லாதிருந்தால் அவன் பேசியிருக்க மாட்டான் என்று பிற்பாடு கருப்பண்ணன் எல்லாரிடமும் சொன்னார்.

“நான்தானுங்க அனுப்பினேன்,” என்றான் இளங்கோ. முதன்முறையாக ஆளைப் பார்த்துப் பேசினான். “எங்க முதலாளிதான் தரணிதரன் நம்பரைக் குடுத்து வாட்சப்ல அனுப்பச் சொன்னாரு. ஒரு மணி நேரத்துல அங்க இருந்து படமா திரும்பி வந்துச்சு. மூணாம் பக்கத்துல ஒட்டச் சொன்னாரு. இது யாரும் பாக்க மாட்டாங்களேன்னு கேட்டேன். அதுக்குத்தான்டா ஒட்டச் சொல்றேன்னாரு. ஒட்டினேன். ரெண்டு பேர் மெசேஜும் என் போன்ல இருக்குது.”

“ஒட்டினியா?” சின்னாத்தாள் அவன் எதிரில் போய் நின்றாள். “தெரிஞ்சே ஒட்டினியா? உனக்குத் தண்ணி எங்கிருந்து வருது சாமி, குழாய்ல இருந்தா? எங்களுக்கு அங்க இருந்துதான் வருது.” சன்னலுக்கு வெளியே மேட்டைக் காட்டினாள். அவன் தூணை விட்டு வந்தான். கைப்பேசியை எடுத்துப்போய் அதிகாரியின் மேசைமேல் வைத்தான். அவள் நகர்ந்து வழிவிட்டாள், மன்னிக்கவில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அதிகாரி செய்திகளை இரண்டு முறை படித்தார். தரணிதரன் யாருக்கோ போன் செய்து பார்த்தார், மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. வெளியே வந்து வண்டி ஏறப் போனபோது கருப்பண்ணனின் ஜீப் வாசலை அடைத்து நின்றது. “சாவி எங்க வெச்சேன்னு தெரியலீங்க,” என்றார் கருப்பண்ணன், சாவியைக் கையில் சுற்றிக்கொண்டே. அர்த்தனாரி கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்து, பத்திரிகை வேலையே இனி வேண்டாம், லேபிள் போதும் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதிகாரி உத்தரவைக் கையால் எழுதினார். பழைய அறிவிப்பு செல்லாது. குத்தகை நடவடிக்கை நிறுத்தப்படுகிறது. கையெழுத்தான பக்கத்தை மாற்றியது குறித்துக் காவல் துறைக்குப் புகார். புதிய ஆட்சேபணைக்கு அறுபது நாள். எழுதி முடித்ததும் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவருக்கு அவசரம்.

“ஊர் சார்பா யாராச்சும் ஒரு கையெழுத்துப் போடுங்க. நான் கிளம்பணும்.”

சின்னாத்தாள் தாளை வாங்கினாள். அதிகாரி பேனாவை நீட்டினார். அவள் பேனாவை வாங்கவில்லை.

“படிச்சுட்டுப் போடறேன்.”

“அதெல்லாம் சரியாத்தான்மா எழுதியிருக்கேன். நீங்க சொன்னதுதான்.”

“அப்படியே இருக்கட்டும். உக்காருங்க.”

அவள் வாசல் வெளிச்சத்துக்குத் தாளைத் திருப்பிப் பிடித்தாள். அதிகாரியின் கையெழுத்து படு மோசம். அவள் முதல் வரியைப் படித்தாள், சத்தமாக. புரியாத இடத்தில் நிறுத்தி, “இது என்ன எழுத்து?” என்று கேட்டாள். அவர் எழுந்து வந்து சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த வரிக்குப் போனாள். அதிலும் கேட்டாள். மூன்றாம் பத்தியில் ‘பொதுமக்களின் கவனக்குறைவு’ என்று இரண்டு வார்த்தை வந்தது. விரலை அதன்மேல் வைத்து அவரைப் பார்த்தாள். அவர் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். அவள் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

வெளியே ஓட்டுநர் ஹாரன் அடித்தான். நில அளவைக்காரர்கள் சங்கிலியை வண்டியில் ஏற்றிவிட்டு நிழலில் நின்றார்கள். ஊரில் ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசி வரி வரைக்கும் படித்து, தேதியைப் படித்து, அதிகாரியின் பெயரையும் பதவியையும் படித்து, தாளின் பின்பக்கத்தைத் திருப்பி அங்கே ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் சின்னாத்தாள் பேனாவுக்குக் கை நீட்டினாள்.